பக்கவாத்தியக்காரர் ஒருவரின் பத்து இராகங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களிலும் கலியாண மண்டபங்களிலும் நான் கீபோட் வாசிக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. திருவிழா நோட்டீசில் இசைக்குழுவின் பெயர் பெரிய எழுத்திலும் பாடகர்களின் பெயர்கள் படங்களோடும் அச்சாகும்; எங்களைப் போன்றவர்கள் 'அணிசெய் கலைஞர்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடுவோம். இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. பாட்டைத் தாங்கி நிற்பதுதான் பக்கவாத்தியத்தின் வேலை. அதை ஒழுங்காகச் செய்தால் கேட்பவர்களின் காதுக்குப் பாட்டு மட்டுமே தெரியும். ஆனால் வாழ்நாளெல்லாம் பிறர் பாட்டுக்கு வாசித்த ஒரு மனிதர் ஒரே ஒரு தடவை தனக்கென்று வாசித்தால் அது எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்குள் நெடுநாளாகக் கிடந்தது. அந்தக் கேள்விக்கு விடையாக எனக்குக் கிடைத்தவர் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங். இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு திருவிழா முடிந்து புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தனை நோக்கி வாகனத்தில் வந்துகொண்டிருந்தோம். சாமம் இரண்டு மணி இருக்கும். பின்சீற்றில் இருந்த, ஒக்டபாட் என்ற மின்தாளப் பலகை வாசிக்கும் தம்பி, "அண்ணை, இதை ஒருக்காக் கேளுங்கோ, என்ன இராகம் எண்டு சொல்லுங்கோ" என்று போனை நீட்டினான். முதலில் ஓர் இயந்திரத் தாளம் கேட்டது. அதன் கீழே ஒரு பேஸ், அதாவது கனத்த கீழ்ச்சுர ஓட்டம், நெளிந்து நெளிந்து ஓடியது. பிறகு சிந்தசைசர் என்ற, மின்னால் ஒலியை உருவாக்கும் கட்டை வாத்தியம் ஒன்று மெல்ல இறங்கி வந்து ஸ, க, ம, த, நி என்று நடக்கத் தொடங்கியது. பஞ்சமமும் இல்லை, ரிஷபமும் இல்லை. "ஹிந்தோளம்" என்றேன். "அது சரி, எந்த வருசத்துப் பாட்டெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றான். 2005 என்றேன், 2010 என்றேன். 1982 என்று அவன் சொன்னபோது நான் நம்பவில்லை. விசுவமடு தாண்டித் தருமபுரம் வரும்வரை அதே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தோம்.

சரண்ஜித் சிங் பம்பாய்த் திரையிசையின் வாத்தியக் குழுக்களில் உழைத்தவர். 1960களிலும் 70களிலும் இந்தித் திரைப்பாடல் ஒன்றைப் பதிவு செய்வதென்றால் பெரியதொரு வாத்தியக் குழு கூடியிருந்து பாடகரோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். அப்படிப்பட்ட குழுக்களில் அவர் ஸ்டீல் கிற்றார் வாசித்தார். பேஸ் கிற்றார் வாசித்தார். அக்கோடியன் போலத் தோளில் மாட்டிக்கொள்ளும் ட்ரான்ஸிக்கோட் என்ற மின்வாத்தியத்தை வாசித்தார். சங்கர்–ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் போன்ற பெரும் இசையமைப்பாளர்களின் பதிவுகளில் அவருடைய விரல்கள் இருக்கின்றன, ஆனால் அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. படப்பாடல்களின் மெட்டுகளை வாத்தியத்தில் மட்டும் வாசித்த இசைத்தட்டுகள் அவர் பெயரில் வந்ததுண்டு. அவையும் பிறருடைய மெட்டுகள்தான். புதிதாக ஏதாவது மின்வாத்தியம் சந்தைக்கு வந்தால் அதை எப்படியாவது வாங்கி வந்து, உட்கார்ந்து படித்துப் பார்க்கும் குணம் அவருக்கு இருந்தது. குழுவில் ஒருவர் அப்படி இருந்தால் இசையமைப்பாளருக்குப் பெரிய வாய்ப்பு, "அந்தப் புதுச் சத்தம் போடுகிறவரைக் கூப்பிடு" என்பார்கள். எங்கள் சிறிய வட்டத்திலும் இதே கதைதான்.

அந்தக் காலத்தில் உலகமெங்கும் டிஸ்கோ பரவிக்கொண்டிருந்தது. ஜேர்மனியின் மியூனிக் நகரில் இருந்த ஜோர்ஜியோ மொரோடர் 1977 இலேயே முழுக்க முழுக்கச் சிந்தசைசர் ஓட்டத்தின் மேல் பாடகி டொனா சமரைப் பாடவைத்து, நடன இசை இனி எந்தத் திசையில் போகும் என்று காட்டிவிட்டார். 1980களின் தொடக்கத்தில் பம்பாய்ப் படங்களிலும் டிஸ்கோ வெள்ளமாகப் பாய்ந்தது. பின்னாளில் தன்னைத் தேடி வந்தவர்களுக்குச் சரண்ஜித் சிங் சொன்ன காரணம் மிக எளிமையானது: எல்லோரும் டிஸ்கோவைப் படப்பாட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள், நான் தபேலாவை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோத் தாளத்தை வைத்து இராகங்களை வாசித்தால் என்ன என்று நினைத்தேன், வாசித்தேன், நன்றாக வந்தது. அவ்வளவுதான். அப்படிப் பிறந்தது 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீற்' என்ற இசைத்தட்டு. 1982 இல் கிராமபோன் கம்பனி ஒஃப் இந்தியா அதை வெளியிட்டது. பைரவ், லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ் (நான் வாகனத்தில் கேட்ட ஹிந்தோளம் இதுதான்), பைராகி என்று பத்து இராகங்கள். பாடகர் கிடையாது. தபேலாவும் கிடையாது. ஒரு மனிதரும் மூன்று இயந்திரங்களும் மட்டுமே.

அந்த மூன்று இயந்திரங்களையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இந்த இசையைப் பற்றிப் பேச முடியாது. மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தின் தயாரிப்புகள். 1980 இல் வந்த ரீ.ஆர்.808 தாள இயந்திரம். பதினாறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும், எந்தப் பொத்தானில் எந்த அடி விழ வேண்டும் என்று குறித்துவிட்டால் அது களைக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 1981 இல் வந்த ஜுப்பிற்றர்-8 என்பது ஒரே நேரத்தில் எட்டுச் சுரங்களை ஒலிக்கக்கூடிய பெரிய சிந்தசைசர். இராகங்களின் மேல் ஓட்டம் முழுவதையும் அவர் அதிலேதான் வாசித்தார். மூன்றாவது ரீ.பி.303. என் மனம் அதிகம் தங்கியது இந்த மூன்றாவதில்.

ரீ.பி. என்பது ட்ரான்சிஸ்ரர் பேஸ் என்பதன் சுருக்கம். ததாவோ கிக்குமோட்டோ என்ற பொறியியலாளர் வடிவமைத்த சின்னஞ்சிறு வெள்ளிநிறப் பெட்டி அது. தனியே இருந்து பயிற்சி செய்யும் கிற்றார்காரர் ஒருவருக்குப் பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காதபோது, அந்த ஆளின் இடத்தை நிரப்புவதற்கென்றே அதைச் செய்தார்கள். அதாவது பிறவியிலேயே அது ஒரு பக்கவாத்தியம். ஆனால் செய்த வேலையில் அது தோற்றுப்போனது. அதன் சத்தம் பேஸ் கிற்றாரைப் போல இல்லை. சுரங்களைத் தனியாகவும் அவற்றின் காலத்தைத் தனியாகவும் பதிய வேண்டியிருந்ததால் அதில் ஒரு மெட்டை ஏற்றி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஏறத்தாழ பத்தாயிரம் பெட்டிகள் செய்த பிறகு 1984 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. பதியும் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியே 'ஸ்லைட்' என்ற ஒன்றைப் போடலாம். போட்டால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வெட்டிப் பாயாமல் வழுக்கிக்கொண்டு போகும். நமது சங்கீதத்தில் இதற்கு ஜாரு என்று பெயர். கீபோட்டில் இதைச் செய்ய முடியாமல் நான் எத்தனை மேடைகளில் தவித்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் இடையில் இருக்கும் அந்த இடத்தில்தான் இராகம் குடியிருக்கிறது, அங்கே என் விரல் போகாது. பக்கத்திலிருக்கும் சில்லை உருட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கும். ஜப்பானியப் பொறியியலாளர் ஒருவர் மேற்கத்திய பேஸ் கிற்றார்காரரின் விரல் இழுவையை நினைத்துச் செய்த ஒரு வசதி, பம்பாய் வாத்தியக்காரர் ஒருவரின் மேசைக்கு வந்ததும், வடக்கே 'மீண்ட்' என்றும் நம்மிடம் ஜாரு என்றும் சொல்லும் வழுக்கலாக மாறிவிட்டது. ஸ்டீல் கிற்றாரில் உருக்குத் துண்டை நரம்பின்மேல் வழுக்கி வழுக்கிப் பழகிய கை அவருடையது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த வழுக்கலை அந்தப் பெட்டிக்குள் அவர் உடனே கண்டுகொண்டிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. மேற்கத்திய டிஸ்கோவில் வழக்கமாகச் சில சுற்றுகளுக்கு ஒரு தடவை 'கோட்', அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறும். இராகத்துக்கு அது வேண்டியதில்லை. ஸட்ஜம் ஒன்று அசையாமல் கீழே நின்றால் போதும், மேலே எவ்வளவு தூரமும் போய் வரலாம். ஒரே பதினாறு படிகளைத் திரும்பத் திரும்பச் சுற்றும் இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சங்கீதம் வேறு எது இருக்க முடியும்? மிடி என்ற பொது இணைப்பு முறை 1983 இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில், ரோலண்டின் சொந்த இணைப்புக் கம்பிகளை வைத்தே இந்த மூன்று பெட்டிகளையும் ஒரே காலத்தில் ஓடவைத்திருக்கிறார். இணைப்பதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு அருகில் ஆள் இருந்திருக்காது. ஒரு தவறான கம்பியால் இரவு முழுவதும் இழந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

எங்கள் ஊரில் நாதஸ்வர வித்துவான் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். மூச்சு முன்போல நிற்பதில்லை என்பதால் கோயில் சேவகத்தை மகனிடம் கொடுத்துவிட்டார். சென்ற ஆவணியில் ஒரு பின்னேரம், சிறிய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுபோய் அவர் வீட்டு விறாந்தையில் வைத்து, யாருடையது, எந்தக் காலத்தது என்று எதுவும் சொல்லாமல் இந்தப் பத்து இராகங்களையும் வரிசையாகப் போட்டுக் காட்டினேன். முதலாவது பைரவ். அதன் தொடக்கத்தில் இயந்திரக் குரல் ஒன்று 'ஓம் நமசிவாய' என்று சொல்லும். சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்த ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் போனதும், "மாயாமாளவகௌளை. பிள்ளையளுக்கு முதல் முதல் சொல்லிக்குடுக்கிறது" என்றார். பூபாலிக்கு மோகனம் என்றார், யமனுக்குக் கல்யாணி, கலாவதிக்கு வலஜி, பைராகிக்கு ரேவதி. ஒவ்வொன்றையும் சொல்ல அவருக்கு எடுத்த நேரம், நான் இங்கே எழுதுவதற்கு எடுத்த நேரத்தைவிடக் குறைவு.

தோடியில்தான் சிக்கல் வந்தது. அதற்கு மட்டும், பெயர் தோடி என்று முன்கூட்டியே வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. நாதஸ்வரக்காரருக்குத் தோடி என்பது சாதாரண இராகம் அல்ல. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை மணிக்கணக்கில் வாசித்து நிலைநிறுத்திய சொத்து அது. "இது தோடியில்லைத் தம்பி. ஆர் உனக்குச் சொன்னது? இது சுபபந்துவராளி" என்றார், குரலில் கோபம் தெரிந்தது. வடக்கே தோடி என்று அழைக்கப்படுவது நமது சுபபந்துவராளிக்கு நிகரானது, நமது தோடி வேறு என்று நான் விளக்கியதும்தான் அமைதியானார். லலித் வந்தபோது அவர் எந்தப் பெயரும் சொல்லவில்லை. இரண்டு மத்திமங்களும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு வரும், பஞ்சமம் வராது. அதற்கு நேரான இராகம் நம்மிடம் இல்லை. "திருப்பிப் போடு" என்றார். போட்டேன். கேட்டு முடித்துவிட்டு, இரண்டு மத்திமங்களையும் தன் வாய்க்குள் மெல்லப் பாடிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் போடச் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்ன இரண்டு விஷயங்களை நான் எந்தக் கட்டுரையிலும் படித்ததில்லை. ஒன்று, பேஸ் ஓட்டத்தைப் பற்றியது. "கீழ ஓடுறது ஒத்து மாதிரிக் கிடக்கு. ஆனா ஒத்து ஒரிடத்தில நிக்கும், இது நடக்குது" என்றார். நாதஸ்வரக் குழுவில் ஒத்து என்ற குழலில் ஸட்ஜத்தை மட்டும் விடாமல் ஊதும் ஒத்துக்காரர் என்று ஒருவர் இருந்த காலத்தைப் பார்த்தவர் அவர். பிறகு அந்த இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. ரீ.பி.303 ஐ நடக்கும் ஒத்து என்று சொல்வதைவிடச் சரியாக அதன் வேலையை விளக்க எனக்குத் தெரியாது. மற்றது குறை. "நடை மாறுதில்லை. கடைசிவரைக்கும் சதுஸ்ரம். இவ்வளவு ஞானம் உள்ள மனுசன் தவில்காரன் ஒருத்தனைப் பக்கத்தில வைச்சிருந்தால் எங்கையோ போயிருக்கும்." சதுஸ்ரம் என்றால் நான்கு நான்காகப் போகும் நடை. இந்தக் குறையை நான் ஏற்றுக்கொள்கிறேன். 808 இன் அடி பத்து இராகங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கிறது. தொடர்ந்து முழுத்தட்டையும் கேட்டால் ஆறாவது, ஏழாவது இராகத்தில் ஒரு சலிப்பு வருவது உண்மை. இரண்டு இரண்டாகக் கேட்பதே நல்லது என்பது என் எண்ணம்.

இப்போது, இணையத்தில் அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். அசிட் ஹவுஸ் என்ற நடன இசையைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்பது அந்தப் பேச்சு. அந்த இசையின் ஊர் அமெரிக்காவின் சிக்காகோ. பிராங்கி நக்கிள்ஸ் என்பவர் 1977 முதல் இசைத்தட்டுகளைச் சுழற்றிய வெயார்ஹவுஸ் என்ற களியாட்ட மண்டபத்தின் பெயரிலிருந்தே ஹவுஸ் என்ற பெயர் பிறந்தது. அதே நகரில் டீ.ஜே. பியர், ஸ்பாங்கி, ஹேர்ப் ஜே என்ற மூன்று இளைஞர்கள் ஃபியூச்சர் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, யாரும் வேண்டாமென்று கைவிட்டிருந்த ரீ.பி.303 ஒன்றை எடுத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகித் திருகி, சத்தம் கூர்மையாவதையும் மழுங்குவதையும் கேட்டார்கள். அந்தப் பதிவு 1987 இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அசிட் ஹவுஸ் என்ற வகையே அதிலிருந்து கிளைத்தது. இதே பெட்டியும் இதே வகைத் தாளமும் அதற்கு ஐந்து ஆண்டுகள் முந்திப் பம்பாயில் ஒலித்திருக்கின்றன என்று தெரியவந்தபோது பலர் அதிர்ந்தார்கள். பிரித்தானிய மின்னிசைக் கலைஞரான அஃபெக்ஸ் ட்வின்னே இரகசியமாகச் செய்துவிட்டு இந்தியப் பெயரை ஒட்டியிருக்கிறார் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள்.

அந்தச் சந்தேகம் எனக்கு வருத்தம் தந்தது. ஆனால் 'கண்டுபிடித்தவர்' என்ற பட்டமும் எனக்கு முழுமையாக உவப்பாக இல்லை. சிக்காகோ இளைஞர்கள் பம்பாய் இசைத்தட்டைக் கேட்டதற்கு எந்தச் சான்றும் இல்லை, சரண்ஜித் சிங்குக்கும் ஹவுஸ் என்ற சொல்லோடு அன்று எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு இடங்களில், இரண்டு தேவைகளுக்காக, ஒரே பெட்டியிடம் இரண்டு விதமான கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். சிக்காகோவில் குமிழைத் திருகுவதே சங்கீதம். சுரம் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும், ஒலியின் நிறம் மாறிக்கொண்டு போகும். பம்பாயில் நிறம் பெரிதாக மாறுவதில்லை, சுரம்தான் வளர்கிறது. முந்தியவர் யார் என்ற போட்டியில் அவரை நிறுத்தினால், அவர் செய்த வேலையைக் கேட்காமல் அவருடைய ஆண்டை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். 1982 என்ற எண்ணை மறந்துவிட்டு அந்த மால்கௌன்ஸைக் கேட்டுப் பாருங்கள். ஆலாபனையின் ஒழுங்கில், கீழ் ஸ்தாயியில் தொடங்கி ஒவ்வொரு சுரமாக வாசலைத் திறந்துகொண்டு மேலே போகும் ஒரு மனிதரைக் கேட்பீர்கள்.

மின்சாரமும் இராகமும் என்று எழுதும்போது என் சிறுவயது நினைவு ஒன்றைத் தவிர்க்க முடியவில்லை. 1990களில் வன்னிக்குள் பற்றரி வருவதற்குத் தடை இருந்தது. மின்சாரம் என்ற பேச்சே இல்லை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, அதிலிருந்து வயர் எடுத்து ரேப்றெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும், மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். எங்கள் வீட்டில் சுற்றும் வேலை பெரும்பாலும் எனக்கு வரும். கை களைத்து வேகம் குறைந்தால் பாடகரின் குரல் கனத்து இறங்கும்; நான் பயந்து வேகமாகச் சுற்றினால் ஏறும். அப்போது எனக்குப் புரிந்த ஒன்றை ஆசிரியர் எவரும் பிறகு புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை: குரல் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்து இறங்குகிறது, ஆனால் மெட்டு மாறுவதில்லை. ஸட்ஜம் எங்கே போனாலும் மற்றச் சுரங்கள் அதே இடைவெளியோடு அதன் பின்னால் போகின்றன. சுருதி வேறு, இராகம் வேறு என்பதை நான் என் தோள் நோவில் படித்தேன்.

இசைத்தட்டு விற்கவில்லை. அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை; இராகம் கேட்பவர்களுக்கு அது டிஸ்கோவாகவும் டிஸ்கோ கேட்பவர்களுக்கு அது இராகமாகவும் பட்டிருக்கும். அவர் மீண்டும் தன் வழமையான வேலைக்குப் போய்விட்டார். இருபது ஆண்டுகள் கழிந்து, 2002 இல், பழைய இந்தியத் திரையிசைத் தட்டுகளைத் தேடித் திரியும் எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் டெல்லியில் ஒரு கடையில் இந்தத் தட்டைக் கண்டு வாங்கினார். கேட்டுத் திகைத்து, வாசித்தவரைத் தேடி மும்பாய்க்குப் போய்ச் சந்தித்து, 2010 இல் தன் பொம்பே கனெக்சன் நிறுவனத்தின் மூலம் மறுபதிப்புச் செய்தார். அதன் பிறகு, எழுபது வயதைத் தொட்ட காலத்தில், சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் இளைஞர் கூட்டத்தின் முன்னால் அதே இராகங்களை வாசித்தார். 2015 ஜூலையில் மும்பாயில் காலமானார்.

ஒரு கடையில், ஒரு தட்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பக்கத்துக் கசற்றுகள் ஞாபகம் வரும். இந்த வித்துவான் ஐயாவின் நல்ல காலத்து வாசிப்பு பல திருவிழாக்களில் பதிவானது. ஊரில் வீட்டுக்கு ஒன்று என்று சொல்லும் அளவுக்குக் கசற்றுகள் இருந்தன. இடப்பெயர்வுகளில் ஒவ்வொன்றாகப் போய், 2009 இல் மிச்சமிருந்ததும் போய்விட்டது. அரிசி மூட்டையையும் பிள்ளைகளையும் சுமந்துகொண்டு ஓடியவர்கள் கசற்றைச் சுமக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. அவர் வாசித்த லதாங்கி இராகம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் சொல்லத்தான் இருக்கிறது. கேட்பதற்கு எதுவும் இல்லை. பௌமனைப் போல ஒருவர் நாளைக்கு வன்னிக்கு வந்து எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அவருக்கு எதுவும் அகப்படாது.

அன்று பின்னேரம் நான் மடிக்கணினியையும் எடுத்துச் சென்றிருந்தேன். அதில் ரீ.பி.303 ஐப் போலவே இயங்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஹிந்தோளத்தின் ஐந்து சுரங்களை மட்டும் வைத்து, பதினாறு படிகளில் ஒரு ஓட்டத்தைப் பதிந்து, மத்திமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கும் இடத்திலும் நிஷாதத்திலிருந்து ஸட்ஜத்துக்கு ஏறும் இடத்திலும் ஸ்லைட் போட்டேன். ஐயா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய் நாதஸ்வரத்தை எடுத்து வந்தார். கட்டித் தொங்கிய சீவாளிகளில் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில்) மூன்றை நாக்கில் நனைத்து ஊதிப் பார்த்து, இரண்டை விட்டு ஒன்றைத் தெரிந்து செருகினார். "உன்ரை பெட்டி சுருதி சேரயில்லை" என்றார். அவருடைய வாத்தியம் இரண்டரைக் கட்டைக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும். அசல் பெட்டியின் இடது ஓரத்தில் சுருதி சேர்க்கும் குமிழ் ஒன்று உண்டு, மென்பொருளிலும் அதே இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். நான் அதைத் திருப்பத் திருப்ப, அவர் ஸட்ஜத்தை ஊதிக்கொண்டே கண்ணால் இன்னும், இன்னும் என்றார். பிறகு ஒரு இடத்தில் தலையை அசைத்தார்.

தாளத்தை நிறுத்தச் சொன்னார். "அவன் வேண்டாம், ஒத்து மட்டும் போதும்" என்றார். 303 தனியே நடக்க, அவர் கீழ் ஸ்தாயி நிஷாதத்தில் தொடங்கினார். இடையில் மூன்று தடவை மூச்சுக்காக நிறுத்தினார், நான் ஓட்டத்தை நிறுத்தவில்லை. வளவில் கோழிகள் கத்தின. வீதியால் உழவு இயந்திரம் ஒன்று போனது, அதுவும் பதிவில் இருக்கிறது. பதினொரு நிமிடமும் சில விநாடிகளும். அன்றிரவே அதை மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்து, ஒன்றை ஒக்டபாட் தம்பிக்கு அனுப்பினேன். கோப்புக்கு ஐயாவின் பெயரை முதலிலும் இராகத்தின் பெயரை அடுத்ததாகவும் இட்டிருக்கிறேன்.